பட்டு நூல் கட்டிய பல்

என் பல்லைப் பற்றி என்னைத் தவிர எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. மேல்வரிசையில் இடது பக்கம், நடுப்பற்கள் இரண்டுக்கும் அடுத்த பல் அது. பஸ்ஸில் இடம் கிடைக்காமல் ஃபுட்போர்டில் நிற்கும் ஆள் மாதிரி வரிசையை விட்டு வெளியே வந்து, பக்கத்துப் பல்லின் மேல் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். தெத்துப்பல். தெத்துப்பல் என்றால் அழகு என்பார்கள், அதிர்ஷ்டம் என்பார்கள். அப்படிச் சொல்கிற யாருக்கும் அது இருந்து நான் பார்த்ததில்லை.

என் பெயர் தங்கபுஷ்பம். அப்பா அய்யாதுரை சாத்தான்குளத்திலிருந்து மெட்ராஸ் வந்து, தியாகராய நகரில் பனகல் பார்க்குக்குப் பின்னால் இருக்கும் தெருவில் 1962-ல் ஒரு ஜவுளிக்கடை போட்டார். புஷ்பம் சில்க்ஸ். முதல் இரண்டு வருஷம் ஈ ஓட்டினார். எனக்கு ஒன்பது வயதாகும்போது அந்தப் பல் முளைத்தது. அது தலைகாட்டிய அதே வாரம் ஒரு கல்யாணக் கோஷ்டி கடைக்குள் வந்து, பெண்ணுக்கு, பெண்ணின் அத்தைக்கு, அத்தையின் நாத்தனாருக்கு என்று அலமாரியைக் காலி செய்துகொண்டு போனதாம். அப்போது நான் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரித்தேனாம். இது அப்பா சொல்லி நான் கேட்ட கதை. ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன்.

அன்றைக்குப் பிடித்தது வினை. தினமும் காலை ஒன்பது மணிக்குக் கடை திறக்கும்போது நான் கல்லாவுக்குப் பக்கத்தில் ஆஜராக வேண்டும். முதல் வாடிக்கையாளர் படியேறியதும் சிரிக்க வேண்டும். போணி ஆனபிறகுதான் பள்ளிக்கூடம். பிறகு காலேஜ் வந்தது, புடவை கட்ட ஆரம்பித்தேன், கெமிஸ்ட்ரி படித்தேன். இந்த வேலை மட்டும் மாறவில்லை.

"ஏளா புஷ்பம், இன்னும் என்ன செய்யுதே? ஆள் படியேறியாச்சு. வந்து சிரி" என்று அப்பா குரல் கொடுப்பார். நான் போய்ச் சிரிப்பேன்.

1970-ல் அவர் அடித்த கடைக் காலண்டரில் லட்சுமி படம் போடவில்லை. என் படத்தைப் போட்டார். ரெட்டைப் பின்னல், பட்டுப்பாவாடை, தெத்துப்பல். மாம்பலத்தில் பாதி வீடுகளில் ஒரு வருஷம் முழுக்க நான் ஆணியில் தொங்கினேன். மயிலாப்பூரிலிருந்து வரும் கோமளம் மாமிக்கு என் பல் மீது அப்பாவை விட நம்பிக்கை. மூத்த பெண்ணின் கூறைப்புடவையை என் சிரிப்பில்தான் எடுத்தாள். மாப்பிள்ளைக்கு மூன்றே மாதத்தில் பிரமோஷன் வந்துவிட்டது. அதிலிருந்து ஒரு ஜாக்கெட் துணி வாங்குவதானாலும், "சித்த சிரிடி கொழந்தே" என்று என் முகவாயைப் பிடித்துவிட்டுத்தான் வாங்குவாள்.

இதில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பல் என் உதட்டைக் கிழித்துக்கொண்டிருந்தது. உள்ளுதட்டில் ஒரே இடத்தில் புண் வரும், ஆறும், மறுபடி வரும். சிரித்தால் உதடு பல்லின் மேல் இழுபட்டு எரியும். வலி கூடப் பரவாயில்லை. தோழிகளோடு பேசும்போது ஏதாவது ஒரு வேடிக்கைக்கு வாய்விட்டுச் சிரித்தால், பக்கத்தில் இருக்கும் யாராவது, "ஆ, இன்னைக்கு நல்ல காரியம் நடக்கும்" என்றுவிடுவார்கள். எனக்குச் சிரிப்பே போய்விடும். என் சிரிப்பு கடைச் சாமானாகிவிட்டது என்று அவ்வளவு கோபம் வரும் எனக்கு.

காலேஜில் என் பெஞ்ச்சில் உட்காரும் வஜீஹாவிடம்தான் முதலில் இதைச் சொன்னேன். அவள் அம்மாவின் தங்கை ஜமீலுன்னிசா பல் டாக்டர். அடையாற்றில் தன் வீட்டு முன்னறையிலேயே கிளினிக் வைத்திருந்தார். "எங்க காலாகிட்ட வா" என்று, சித்தியை உருதுவில் அப்படிச் சொல்லும் வஜீஹா அடுத்த சனிக்கிழமையே என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

நான் கதவருகிலேயே நின்றேன். எங்கள் காலேஜில் ஒரு பெண் பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள். வாயைத் திறந்தால் இரும்பு கேட்டைத் திறந்த மாதிரி இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு நான் எப்படிக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பது?

"வெளியில தெரியாம செய்ய முடியுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"முடியும்மா. ஆனா பொறுமை வேணும்" என்றார் டாக்டர் ஜமீலுன்னிசா. ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கும் மோதிரம் மாதிரி ஒரு வளையம். இரண்டையும் சேர்த்து ஒரு மெல்லிய கம்பி, பற்களின் முதுகுப் பக்கமாக வளைந்து போகும். பின்னால் ஒரு பல்லை எடுத்து இடம் செய்துகொண்டு, தெத்துப்பல்லை அந்த உள்கம்பியோடு பட்டு நூலால் இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நூலை மாற்ற வேண்டும். "முன்னாடி தெரியறது ஒரு இழை நூல்தான். பல்லு கலர்லயே இருக்கும். யாரு உன் வாய்கிட்ட வந்து பார்க்கப் போறாங்க?"

யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டினேன். வஜீஹாவுக்காக டாக்டர் சும்மாவே பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். வீட்டில் அம்மாவிடம் மட்டும் உதட்டைத் திருப்பிப் புண்ணைக் காட்டினேன். அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "போயிட்டு வா" என்றாள்.

"அப்பாகிட்ட?"

"இப்ப வேண்டாம். தீபாவளி வருது. முடியட்டும், சொல்லுவோம்."

அது 1973 ஆவணி. தீபாவளி முடிந்தது. "இப்பத்தான் அவிய அக்கடான்னு உக்காந்திருக்காவ, பொங்கல் முடியட்டும்" என்றாள் அம்மா. பொங்கல் முடிந்ததும் தை முகூர்த்தம், மாசி முகூர்த்தம், சித்திரைக்குப் புதுச் சரக்கு, வைகாசியில் கல்யாணக் கூட்டம். ஜவுளிக்கடைக்காரரிடம் கெட்ட செய்தி சொல்வதற்கு என்று பஞ்சாங்கத்தில் ஒரு நாள் கூடக் கிடையாது என்பதை அந்த வருஷம்தான் கண்டுகொண்டேன்.

முதல் வாரம் நாக்கு கம்பியில் இடித்து வார்த்தை வழுக்கியது. தொண்டைக்கட்டு என்றேன். அப்பா பதறிப்போய் மூன்று வேளையும் சுக்குக் காப்பி போட வைத்தார். கடையில் சாயங்காலம் வரும் முறுக்கைத் தொட முடியவில்லை. அதைக் கண்டுபிடித்தது தணிகாசலம். கடை தொடங்கிய நாளிலிருந்து அப்பாவிடம் வேலை செய்பவர், சைதாப்பேட்டைக்காரர். அவர் கண்ணில் படாதது எதுவும் இல்லை. வாயில் நிற்பதும் எதுவும் இல்லை.

"இன்னா பாப்பா, முறுக்கு அப்டியே கீது? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"விரதம் அண்ணே."

"முறுக்குக்கு ஒரு விரதமா? நல்லாத்தான் கீது" என்று அவரே எடுத்துத் தின்றுவிட்டார்.

பல் நகர ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு முடியளவு கூட இருக்காது. தினமும் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நான் மட்டும் கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்வேன். பங்குனியில் பக்கத்துப் பல்லின் மேலிருந்து இறங்கியது. ஆனியில் முக்கால்வாசி உள்ளே போனது. உதட்டுப் புண் ஒரு நாள் ஆறியது. திரும்ப வரவே இல்லை. அன்றைக்கு வஜீஹா வீட்டு மொட்டைமாடியில் நாங்கள் இரண்டு பேரும் காரணமே இல்லாமல் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் அம்மா ஏறி வந்து பார்த்துவிட்டு, பைத்தியங்கள் என்று உருதுவில் திட்டிவிட்டு இறங்கிப் போனார். அந்தச் சாயங்காலம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

சந்தோஷம் ஆடியோடு சரி. எங்கள் கடைக்கு நேர் எதிரே மூன்று மாடியில் ஒரு ஜவுளிக்கடை வந்தது. கண்ணாடிக் கதவு, சீருடை போட்ட காவலாளி, உள்ளே நுழைந்தால் பன்னீர். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. தணிகாசலம் பயம் காட்டியபோதெல்லாம் அவர் ஒரே பதில்தான் சொன்னார்: "அவன்ட்ட மூணு மாடி இருக்கலாம். நம்மகிட்ட புஷ்பம் பல்லு இருக்கு."

அதைக் கேட்கும்போதெல்லாம் என் நாக்கு தானாகப் போய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைத் தடவும். அந்தப் பல் இல்லை. நான் இழுத்துக் கட்டிவிட்டேன். தீபாவளி வியாபாரம் படுத்தால் அப்பா உடைந்துபோவார். அப்போது உண்மை தெரிந்தால், பத்து வருஷம் தூக்கிவைத்துக் கொண்டாடிய மகளே கழுத்தறுத்தாள் என்று நினைப்பார். இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு, காலையில் கல்லாப் பக்கத்தில் போய் உதட்டைப் பாதி மூடிக்கொண்டு சிரிப்பேன்.

ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை. தீபாவளிச் சரக்கு விரிக்கும் நாள். அன்றைக்குப் போணி எப்படியோ அப்படித்தான் சீசன் முழுக்க என்பது தெருவுக்கே தெரிந்த கணக்கு. அப்பா வாசலில் மாவிலை கட்டி, சாம்பிராணி போட்டு, ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தார். முதலில் படியேறியது கோமளம் மாமி.

மாமி ஒரு வருஷமாக மெட்ராஸில் இல்லை. பம்பாயில் பிள்ளை வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இளைய பெண்ணுக்குத் தையில் கல்யாணம் என்று திரும்பி வந்திருந்தாள். அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "இது போணி!" என்று தணிகாசலத்திடம் கண்ணைக் காட்டினார். மாமி அரக்குச் சிவப்பில் ஒரு ஒன்பது கெஜத்தைப் பதினைந்தே நிமிஷத்தில் எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"சித்த சிரிடி கொழந்தே."

சிரித்தேன். மாமி என் முகவாயைப் பிடித்தாள். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள், ஏற்றிப் பார்த்தாள்.

"என்னடி இது? தெத்துப்பல் எங்கேடி?"

மாமிக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வந்து நின்றிருந்தார்கள். அப்பா கல்லாவை விட்டு எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, கடைக்காரர்கள் எல்லோரும் செய்கிற அந்தக் காரியத்தை என்னிடம் செய்தார். டியூப்லைட்டில் புடவையின் நிறம் சரியாகத் தெரியாது என்று வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டுவார்கள் அல்லவா? அதேபோல் என் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போய், முகவாயை வெளிச்சத்துக்குத் திருப்பி, "வாயத் தொற" என்றார்.

திறந்தேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். முப்பது வருஷமாக நூல் பார்க்கும் கண்.

"பட்டு" என்றார் மெதுவாக. "ரெண்டு இழை. முறுக்குன பட்டு."

"தணிகாசலம், மாமிக்குக் காப்பி சொல்லு" என்றுவிட்டு, மாடியில் சரக்கு வைக்கும் அறைக்குப் படியேறினார். நான் பின்னாலேயே போனேன்.

ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டார். "யாரு கட்டுனா?"

"அடையாத்துல ஒரு டாக்டரம்மா. வஜீஹாவோட சித்தி."

"எத்தன நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுப்பா."

"ஒரு வருசமா? அப்ப போன தீபாவளிக்கு நீ சிரிச்சது…"

"அப்பவே கட்டியாச்சு."

"எதுக்குளா?"

அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் படியேறும்போது நினைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது கோபம். உதட்டைத் திருப்பி, புண் இருந்த இடத்தில் வெள்ளையாகத் தழும்பு நிற்பதைக் காட்டினேன். "பத்து வருஷமாப்பா! தினமும் காலையில சிரி சிரின்னு சொன்னீங்களே, சிரிக்கும்போது வலிக்குதான்னு ஒரு நாள் கேட்டீங்களா? உங்களுக்குப் பல்லுதான் முக்கியம். நான் யாரு? பல்லுக்குப் பின்னாடி நிக்கிற ஆளு." சொன்ன அடுத்த நொடியே ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. அப்பாவின் கண் கலங்கிவிட்டது.

"கேக்கலளா" என்றார். "கேட்டிருக்கணும். தப்புதான்." கொஞ்ச நேரம் மூட்டையின் கயிற்றை நெருடிக்கொண்டிருந்தார். "நீ மறந்துட்டே. பள்ளிக்கூடத்துல உன்னைய தேங்காத் துருவின்னு கூப்பிட்டாவ. ஒரு வாரம் வாயப் பொத்திக்கிட்டே இருந்தே. சோறு திங்கக்கூட கைய எடுக்கல. உங்க அம்மை அழுதா. எனக்கு என்ன செய்யன்னு தெரியல. அந்தக் கல்யாணக்காரவ வந்துட்டுப் போயி அப்பவே ரெண்டு மாசம் ஆச்சு. அவிய வந்தப்ப உனக்கு அந்தப் பல்லே மொளைக்கல. நான்தான் முன்னையும் பின்னையும் மாத்தி, புள்ளைக்குப் பல்லு மொளைச்சுது, கடைக்கு ராசி வந்துதுன்னு தணிகாசலத்துட்ட சொன்னேன். அவன்ட்ட சொன்னா போதுமே. ஊரே வந்து உன் பல்லப் பாத்துச்சு. நீ கைய எடுத்துட்டே."

"அப்ப ராசி?" என்றேன்.

"பொறவு நானே நம்பிட்டேன். பத்து வருசம் ஒரே பொய்யத் தெனமும் சொன்னா மனுசன் என்னதான் செய்வான்?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. "தேங்காத் துருவின்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க, அதுக்குப் போய் இவ்வளவா?"

அப்பா என்னையே பார்த்தார். பிறகு இரண்டு விரலால் மீசையைத் தூக்கி, மேலுதட்டை உயர்த்திக் காட்டினார். மேல்வரிசை, இடது பக்கம், நடுப்பற்களுக்கு அடுத்தது. வரிசையை விட்டு வெளியே வந்து பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்து நின்றது. அச்சு அசல் என் பல். பிறந்ததிலிருந்து அந்த மீசையைப் பார்க்கிறேன். அப்பா வாய்விட்டுச் சிரித்து மட்டும் பார்த்ததில்லை. வியாபாரிகள் அப்படித்தான் போல என்று நினைத்திருந்தேன்.

"ஊர்ல என்னையக் கூப்பிட்ட பேரு உன் பேரவிட மோசம்" என்றார். "அத மட்டும் கேக்காத."

கீழே படியடியிலிருந்து தணிகாசலத்தின் குரல் வந்தது. "மொதலாளி! மாமி பில்லு போட வுட மாட்டேன்னுது! போணி ஆவாம ஜனம் நின்னுகினு கீது. ரெண்டு பேரு எதிர் கடையப் பாத்துகினு கீறாங்கோ!"

இறங்கினோம். மாமி ஒன்பது கெஜத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் கடை வாசல் வரை கூட்டம்.

"அய்யாதுரை, கொழந்தை பல்லை நேராக்கிண்டா நேக்கும் சந்தோஷம்தான். மூக்கும் முழியுமா லட்சணமாத்தான் இருக்கா" என்றாள் மாமி. "ஆனா எம் பொண்ணு கல்யாணம் தையில. கூறைப்புடவையை வெறுமனே வாங்கிண்டு போக மாட்டேன். பெரியவளுக்கு கொழந்தை சிரிச்சாளோன்னோ? சின்னவளுக்கும் யாராவது அப்படிச் சிரிக்கணும். நீங்களே ஒரு வழி சொல்லுங்கோ."

அப்பா வழி தெரியாமல் நின்றார். எனக்குத் தெரிந்துவிட்டது.

"மாமி" என்றேன், "அப்பாவுக்கு இருக்கு."

"ஏளா!"

"நெஜம்மாவா?" மாமி ஸ்டூலை விட்டு எழுந்தே விட்டாள். "இத்தனை வருஷம் மீசைக்குள்ள ஒளிச்சுண்டா இருந்தேள்? சிரியுங்கோ, பாப்போம்."

"மாமி, கூட்டம் நிக்குது, பொறவு ஒரு நாள்…"

"கூட்டம் நிக்கட்டும். சிரியுங்கோ."

தணிகாசலம் அளவுகோலைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா உதட்டை இப்படியும் அப்படியும் இழுத்தார். சோளப்பொரி தொண்டையில் மாட்டியது போல் இருந்தது. மாமி தலையை ஆட்டிவிட்டாள். "இதுக்குப் பேர் சிரிப்பா? பல்லே தெரியலையே."

அப்பா என் பக்கம் திரும்பினார். யாராவது வந்து இதிலிருந்து விடுவிக்க மாட்டார்களா என்கிற பார்வை. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலை ஒன்பது மணிக்கு நான் அவரைப் பார்த்தது அப்படித்தான். அவருக்கும் அது அந்த நொடியில்தான் புரிந்திருக்க வேண்டும். "இத்தன வருசமா இப்படியா நின்னே?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"ஆமாப்பா" என்றேன். சொல்லும்போதே அடக்க முடியாமல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதடு இழுபடவில்லை, எரியவில்லை. கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். என்னைப் பார்த்து அப்பாவுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, மீசை விரிய, இத்தனை வருஷமாக ஒளித்து வைத்திருந்ததை ஊர் பார்க்கத் திறந்துவிட்டார். வாசலில் நின்ற கூட்டமும் சிரித்தது. எதிர்க்கடைக் காவலாளி கூடத் தெருவைத் தாண்டி என்னவென்று பார்க்க வந்துவிட்டான்.

"போடுங்கோ பில்லை" என்றாள் கோமளம் மாமி.

அன்றைக்கு அய்யாதுரை முதலாளி சிரித்ததைப் பற்றித் தெருவே பேசியது. முதலில் சிரித்தது நான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. என்னை யாரும் சிரிக்கச் சொல்லவும் இல்லை.